அறியாமை ஒரு புகலிடமாகுமா?

மாணவர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் சிறுவரும் இளைஞருமே ஆவர். ஜுஸ்உ ஏந்தி மக்தபுக்குச் செல்லும் பாலகனையும், புத்தகம் சுமந்து கல்லூரிக்குச் செல்லும் வாலிபனையும் மாணவன் என்கிறோம். நாற்பதைக் கடந்து, குடும்பத்தின் பாரம் முழுவதையும் தோளில் தாங்கி, பகலெல்லாம் ஆலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து மீண்டும் பாடம் படிக்கும் ஒருவரைக் கண்டால், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கவும் நாம் தயங்குவதில்லை.

மார்க்க அறிஞர்களின் வரலாறு இக்கேள்விக்கு இடமளிக்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்கள் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக வாழ்ந்தவர்கள். 'கஃப்பால்' என்னும் பெயரே அத்தொழிலைக் குறிப்பதுதான். வாலிபம் முதிர்ந்த பின்னர்த்தான் அவர்கள் தொழிற்கூடத்தை விட்டெழுந்து ஃபிக்ஹுக் கலையைக் கற்கத் தொடங்கினார்கள்; குராசான் நாட்டு ஷாஃபிஈ அறிஞர்களின் தலைமையிடத்தையும் அடைந்தார்கள். உளியும் அரமும் பிடித்த கை கிதாபைப் புரட்டியதால் கிதாபுக்கு இழுக்கு நேரவில்லை.

இன்று தொழில் புரிவோருக்கென அமைந்த உயர்கல்விகள் பல உள்ளன. அவற்றுள் சுற்றுச்சூழல் சட்டமும் கொள்கையும் பற்றிய பட்டமேற்படிப்பை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஓர் ஆலை எவ்வளவு புகை விடலாம், கழிவுநீரை எந்த நிலையில் வெளியேற்றலாம், அளவு மீறினால் பொறுப்பு யாருடையது, பாதிக்கப்பட்டவர் எங்கே எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும் என்பவற்றையெல்லாம் கற்பிப்பது அக்கல்வி. பெங்களூரிலுள்ள தேசிய சட்டப் பள்ளி இதனை ஓராண்டு முதுநிலைப் பட்டயமாகத் தொலைநிலைவழி நடத்திவருகிறது. எத்துறையில் பட்டம் பெற்றவரும் அதில் சேரலாம். சென்னையில் டாக்டர் அம்பேத்கர் பெயர்தாங்கிய சட்டப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சட்டப் பிரிவுகளுள் சுற்றுச்சூழல் சட்டமும் ஒன்று. அதற்குச் சட்டப் பட்டம் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் சட்டக் கல்லூரி 1978-இலேயே இதற்கென ஒரு தனி நடுவத்தை அமைத்தது. வழக்கறிஞரல்லாத பொறியாளரும் ஆட்சித்துறையினரும் கற்கத்தக்க முதுநிலைப் பட்டம் ஒன்றும் அங்கு உண்டு.

இக்கல்வி பற்றி நாம் சிந்திக்கக் காரணமாயிருந்தவர், தண்டையார்பேட்டையில் சிறுவயதில் எம்மிடம் ஓதிய ஒருவர். இப்போது வடசென்னையின் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பான பணியில் இருக்கிறார். ஆலையிலிருந்து வெளியேறும் நீரின் தன்மையையும் புகையின் அளவையும் ஏட்டில் குறித்துக் கையொப்பமிடுவது அவருடைய கடமைகளுள் ஒன்று. சட்டப் பட்டயப் படிப்புக்கான விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சேர்வதா வேண்டாமா என்று தடுமாறியவராய் எம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், இப்போது எனக்குச் சட்டம் தெரியாது. மேலதிகாரி சொல்லும் அளவை எழுதுகிறேன். படித்துவிட்டால் எது சரி, எது தவறு என்று தெரிந்துகொண்டே எழுத வேண்டிவரும். அதைவிடத் தெரியாமலிருப்பதே எனக்குப் பாதுகாப்பல்லவா?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று. அறிவு வந்தால் பொறுப்பும் வரும். பொறுப்புக்கு அஞ்சி அறிவையே தவிர்த்துவிடலாமா என்பது ஒழுக்கவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அதற்கு விடை காணுமுன், அவ்வினா பிறந்த மண்ணைச் சற்றுப் பார்ப்போம்.

தண்டையார்பேட்டை நம்மவர்க்குப் புதிய ஊரன்று. தொண்டிப் பகுதியிலிருந்து வந்து இங்கே தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களைத் 'தொண்டியார்' என மக்கள் அழைத்தமையால் இவ்வூர் இப்பெயர் பெற்றது என்று சொல்வதுண்டு. அந்த ஞானச் செல்வர் 1838-இல் மறைந்தார்கள். இன்று இவ்வூருக்குத் தெற்கே துறைமுகம். மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. வடக்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இரசாயன ஆலைகளும். அவற்றுக்கும் அப்பால் எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும். தெருக்களின் அடியிலோ எண்ணெய்க் குழாய்கள். நாட்டுக்கு வேண்டிய பெட்ரோலும் மின்சாரமும் உரமும் இம்மக்களின் வாசல் வழியாகவே செல்கின்றன. பல்லாயிரம் குடும்பங்களுக்கு, நம்மவர் குடும்பங்களுக்கும், இவை சோறு போடுகின்றன என்பதையும் மறுக்கலாகாது.

அதே வாசல் வழியாகத் தீங்கும் வருகின்றது. 2013-ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரோடு எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிடங்குக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயின் கசிவே காரணமென்று தெரிந்து, வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரை அடுத்த காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதின. கடலில் கொட்டிய எண்ணெயை மீனவரும் தொண்டரும் வாளிகளால் அள்ளி ஊற்றிய காட்சியை நாடே கண்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை நிறைத்தது. வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. உறக்கத்திலிருந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினர்.

இவையெல்லாம் சட்டம் இல்லாத காலத்தில் நடந்தவை அல்ல. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. இயற்கைச் சூழலைக் காப்பதை அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் ஆக்கும் விதிகள், 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்தினால் அரசியலமைப்பில் சேர்ந்தன. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம் 2010-இல் வந்தது. அத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சட்டங்கள் இத்தனை இருந்தும் தீங்கு நடந்தது எனில், சட்டத்துக்கும் தெருவுக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆள் இல்லை என்பதே பொருள்.

அந்த ஆள் யார்? எடுத்துக்காட்டாக, பெரிய ஆலையோ துறைமுகமோ அமையுமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டுமென்ற விதி 1997-இல் சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை அதனை விரிவாக வகுத்தது. கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியிலும் இருக்க வேண்டும். ஆனால் முழு அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஆங்கிலத்தில் இருக்கும். முப்பது நாளில் அதைப் படித்து, 'இன்ன பக்கத்தில் காட்டியுள்ள நீரின் அளவு பொருந்தவில்லை' என்று எழுந்து சொல்ல எந்த மஹல்லாவில் ஆள் உண்டு? பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்க, நிகழ்ச்சி தோன்றியதிலிருந்து ஆறு மாதமே கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள் கிடைக்கும். அரசு அளித்த அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யவோ முப்பது நாள்தான். அதற்கு மேலும் அறுபது நாள் நீட்டிப்பு உண்டு. கோபமும் கண்ணீரும் தணியுமுன்னரே நாள்கள் கடந்துவிடுகின்றன. நியாயம் கையில் இருந்தும் கெடு தெரியாமையால் உரிமை இழந்தோர் எத்தனை பேர்!

இனி, இக்கல்வி மார்க்க அளவில் எந்த நிலையது என்று பார்ப்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனின் தொடக்கத்திலேயே அறிவை இரு கடமைகளாக வகுக்கிறார்கள். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமையானது ஃபர்ளு ஐன். ஊரில் சிலர் நிறைவேற்றினால் பிறர்மீதிருந்து நீங்கி, ஒருவருமே நிறைவேற்றாவிடில் ஊர் முழுவதும் குற்றத்துக்குள்ளாவது ஃபர்ளு கிஃபாயா. இரண்டாம் வகையில் அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும் சேர்ப்பதோடு நில்லாமல், உழவையும் நெசவையும் சேர்க்கிறார்கள். தம் காலத்து மாணவர்கள் பதவியும் புகழும் நாடி ஃபிக்ஹு வாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு, நகரத்துக்கு இன்றியமையாத மருத்துவத்தைக் கைவிட்டதை அவர்கள் வன்மையாகக் கடிந்துரைத்தார்கள். அந்த இமாம் இன்று தண்டையார்பேட்டை வழியாக நடந்து சென்றால், கிணற்றிலும் காற்றிலும் கலந்ததை அளந்து சொல்லி, அதற்குப் பரிகாரம் எங்கே என்று காட்டும் கலையையும் அவ்வரிசையில் சேர்த்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

எனவே, ஊர் என்ற அளவில் இது கிஃபாயாவான கடமை. ஆனால் கேள்வி கேட்ட அன்பரின் நிலை அதனினும் கடியது. மார்க்கத்தின் கொடுக்கல் வாங்கல் விதிகளை அறியாதவர் நம் சந்தையில் வாணிபம் செய்யலாகாது என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டதாக அறிவிக்கப்படுகிறது. தொழுகையின் சட்டம் தொழுபவனுக்கும், வட்டியின் சட்டம் வணிகனுக்கும் ஃபர்ளு ஐனாகிவிடுவது போன்றே, பிறர் நீரையும் மூச்சையும் தொடுகின்ற தொழிலில் பொறுப்பேற்றவனுக்கு அத்தொழிலின் விதிகள் தனிக்கடமையாகிவிடுகின்றன.

அறியாமை மன்னிக்கப்படும் இடமும் ஃபிக்ஹில் உண்டு. யாரை மன்னிக்கலாமென்று ஷாஃபிஈ நூல்கள் தெளிவாகக் கூறுகின்றன: இஸ்லாத்தில் புதிதாக நுழைந்தவர், அறிஞர்களை விட்டுத் தொலைதூரத்தில் வளர்ந்தவர். இவர்கள் கற்க வழியில்லாதவர்கள். கற்க வழியிருந்தும் கற்காதவனுக்கு அந்தச் சலுகை இல்லை. முன்பு சட்டத்தைக் கற்க வேண்டுமாயின் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் அமர வேண்டியிருந்தது. இன்றோ பாடம் வீட்டுக்கே வருகிறது, அலைபேசியில் விரிவுரை கேட்கிறது, ஓராண்டில் முடிகிறது. கையில் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு 'எனக்குத் தெரியாது' என்பவர், அறிஞரை விட்டுத் தொலைவில் வாழ்பவர் அல்லர். அறிஞரின் வாசலில் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்பவர்.

இதனால் நாம் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. கழிவுத் தொட்டியில் இறங்கி அன்றாடக் கூலிக்கு உழைக்கும் எளியவரிடம் சட்டப் பட்டம் கேட்பது கொடுமை. கடமை என்பது ஆற்றலின் அளவே. கற்க இயன்றவரும், கையொப்பமிடும் இடத்தில் அமர்ந்தவருமே இங்குப் பேசப்படுகின்றனர்.

அடுத்து எழும் தடை நன்றியுணர்ச்சி. 'என் பிள்ளைகள் உண்பது முதலாளியின் உப்பு. அவரிடம் கற்ற தொழிலையும் அதனோடு கற்ற சட்டத்தையும் அவருக்கு எதிராகவே பயன்படுத்தலாமா?' என்பர். நல்ல உள்ளத்தில்தான் இந்தத் தடை எழும். ஆனால் இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்துக்கு ஃபிக்ஹு ஒரு வேலி போட்டிருக்கிறது. ஆகுமான பயனுக்கே கூலி. ஆகாத செயலுக்கு ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் அந்த ஒப்பந்தமே செல்லாது. உழைப்பை விற்கலாம், சாட்சியத்தை விற்கலாகாது. புகையின் அளவை ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவது வெறும் எழுத்து வேலையன்று. அந்தப் புகையைச் சுவாசிக்கும் மக்களிடமும் அரசினிடமும் அளிக்கும் சாட்சியம் அது. பொய்ச்சாட்சியம் பெரும் பாவங்களுள் எண்ணப்படுவது என்பதை மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான்.

அன்றியும், சட்டம் கற்ற ஊழியரால் முதலாளிக்கு நன்மையே அதிகம். 1985 டிசம்பரில் தில்லியில் ஓர் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்கு எவ்வித விலக்குமின்றி முழுப் பொறுப்பாளர் என்று 1986-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நான் கவனமாகத்தான் இருந்தேன்' என்ற விடையைக்கூட அத்தீர்ப்பு ஏற்கவில்லை. இதையறிந்த ஊழியர் முதலில் முதலாளியின் அறைக்குச் சென்று, 'ஐயா, இந்தக் குழாயை இன்று மாற்றினால் ஆகும் செலவு, நாளை நேரும் பொறுப்பினும் சிறிது' என்று சொல்வார். உப்புக்கு அவர் காட்டும் நன்றி அதுவே. தீமையைக் கையால் மாற்றுவது, நாவால் மாற்றுவது, உள்ளத்தால் வெறுப்பது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படிகள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். குடும்பம் நடத்துபவரை ஒரே தாவலில் முதற்படிக்கு ஏறச் சொல்லவில்லை நாம். மெல்லச் சொல்லலாம், எழுத்தில் தரலாம், கேளாவிடில் அதற்குரிய அதிகாரியிடம் செல்லலாம். எந்தப் படியில் நிற்க முடிந்தாலும், தாமறிந்த பொய்யின்கீழ்த் தம் பெயரை எழுதாதிருப்பது எல்லாருக்கும் இயலும். அதற்கும் விலை கொடுக்க நேரலாம் என்பதை நாம் மறைக்கவில்லை. வேலை போகலாம், பதவி உயர்வு நிற்கலாம். அப்போது அவர் பக்கம் நிற்க வேண்டியது அவருடைய ஜமாஅத்தின் கடமை.

இங்கே எதிர்ப்புறத்திலிருந்தும் ஓர் ஐயம் எழுகிறது. சட்டம் கற்றவரெல்லாம் நன்மைக்கே அதைப் பயன்படுத்துகிறார்களா? சட்டத்தின் சந்துகளைக் கண்டு, அபராதம் கட்டுவது இலாபமா, சுத்திகரிப்பது இலாபமா என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் அதே பட்டத்தைத்தானே சுவரில் மாட்டியிருக்கிறார்கள்? உண்மைதான். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தனிமனிதனின் உரிமையில் குறுக்கிடுவதற்கு மிகவும் தயங்கியவர்கள். வயது வந்தவன் ஊதாரியாயினும் அவன் சொத்தின்மீது தடை விதிக்க அவர்கள் இசையவில்லை. அத்தகைய இமாம் மூவரை மட்டும் தொழில் செய்யாமல் தடுக்கலாம் என்றார்கள். மக்களுக்குத் தந்திரம் கற்பிக்கும் நாணமற்ற முஃப்தி. மருத்துவம் அறியாத மருத்துவன். வாகனமே இல்லாமல் வாடகை பேசிப் பணம் பெறும் வண்டிக்காரன். முதல்வன் மக்களின் தீனைக் கெடுக்கிறான். இரண்டாமவன் உடலைக் கெடுக்கிறான். மூன்றாமவன் பொருளைக் கெடுக்கிறான். சூழல் சட்டத்தைத் தந்திரத்துக்காகவே கற்றவனோ இம்மூன்றையும் ஒருங்கே செய்யக்கூடியவன். ஆகவே இக்கல்வியில் சேருமுன் நிய்யத்தைச் சரிசெய்துகொள்வது, சேர்க்கைக் கட்டணம் செலுத்துவதினும் முந்திய வேலை.

சட்டம் மட்டும் கற்றவரும், தொழில் மட்டும் அறிந்தவரும் தனித்தனியே நின்றால் பயன் குறைவு என்பதையும் நம் முன்னோர் கண்டிருந்தனர். அங்காடிகளை மேற்பார்வையிட்ட முஹ்தஸிப் என்னும் அலுவலருக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களைப் புரட்டினால் இது விளங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியா நாட்டு ஷைஸரீ எழுதிய நூல், ரொட்டி சுடுபவர் முதல் மருந்து விற்பவர் வரை ஒவ்வொரு தொழிலின் உட்புறத்தையும், அதில் நடக்கக்கூடிய ஏமாற்றையும் விளக்குகிறது. அடுப்பின் புகை மக்களைத் துன்புறுத்தாதபடி கடைக் கூரையை உயர்த்தி, புகை செல்ல அகன்ற வழி விடச் செய்ய வேண்டும் என்றும் அதில் காண்கிறோம். உதுமானியப் பேரரசு 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூலும், குடியிருப்பை ஒட்டி அடுமனையோ எண்ணெய்ச் செக்கோ அமைந்து, புகையாலும் நாற்றத்தாலும் அண்டைவீட்டார் குடியிருக்க முடியாமற் போனால் அத்தீங்கு நீக்கப்பட வேண்டும் என்கிறது. இந்திய நாட்டுப் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நீதித்துறை உறுப்பினர்க்கு இணையாக, அறிவியலும் பொறியியலும் கற்றுப் பல்லாண்டு பணியாற்றிய வல்லுநர்கள் அமர்கிறார்கள். குழாயை அறிந்தவன் சட்டத்தையும் அறிய வேண்டும் என்பதே இவற்றின் கருத்து. அதனால்தான் இக்கல்வியைப் பள்ளி முடித்த பிள்ளையினும், இருபதாண்டு ஆலையில் உழைத்த தந்தை கற்பதில் பயன் மிகுதி என்கிறோம்.

மஜல்லாவில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு தீங்கை நீக்க அதையொத்த வேறொரு தீங்கை வைப்பது நீக்கியதாகாது என்பது அதன் கருத்து. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்டபோது இராயபுரம் முதலிய பகுதிகளில் கரித்தூசி படிந்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வேலை எண்ணூருக்கு மாறிற்று. நம் வீட்டு ஜன்னல் வெளுத்தது. எண்ணூர்க்காரர் வீட்டு ஜன்னலின் கதி என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சட்டத்தைத் தன் தெருவுக்காக மட்டும் கற்பவன் பாதிதான் கற்றவன்.

இவ்வளவு நேரம் பிறர் ஆலைகளைப் பற்றிப் பேசினோம். நம் வீட்டையும் பார்த்துக்கொள்வது நேர்மை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறைகளாக வளர்த்தவர்களுள் நம்மவர் பலர். அவர்கள் ஈட்டிய பொருளால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்தன. அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் பாய்ந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் தொழில் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமற் போனதாக ஓர் ஆய்வு கண்டதை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், தீங்கு உறுதியாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கை கொள்ள வேண்டும் என்னும் இரு நெறிகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. நாடெங்கும் சட்ட மாணவர் படிக்கும் முதற்பாடங்களுள் ஒன்றாக நம் பாலாறு ஆனது இவ்வாறுதான். ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து 2025 ஜனவரியிலும், அங்கே இழப்பீடும் சீரமைப்பும் நிறைவேற உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

நீர்ச் சட்டம் வந்தது 1974-இல். தீர்ப்பு வந்தது 1996-இல். இடையிலிருந்தவை இருபத்திரண்டு ஆண்டுகள். அந்தக் காலத்தில் தொழிலதிபரின் மக்களிலோ மேலாளர்களிலோ ஒரு சிலரேனும் இச்சட்டத்தை முறையாகக் கற்று, சுத்திகரிப்பு நிலையங்களைத் தாமாகவே முன்வந்து அமைக்கச் செய்திருந்தால், உழவரின் கிணறும் பிழைத்திருக்கும். ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற நாள்களும் குறைந்திருக்கும். ஜகாத்தும் ஸதகாவும் வாரி வழங்கிய கைகள் அவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அடியார்க்குரிய உரிமைகள் வணக்கத்தால் அழிவதில்லை என்பது நம் கொள்கை. கிணறு உவர்த்துப்போன உழவர் மன்னிக்காத வரை அந்தக் கணக்கு முடிவதில்லை. அந்த உழவர் எம்மதத்தவர் என்று அங்கே கேட்கப்படுவதுமில்லை.

எனவே நம் குடும்பங்கள் முன் வைக்க விரும்புவது ஒரு சிறு வேண்டுகோள். பிள்ளையை மருத்துவராக்கவும் பொறியாளராக்கவும் கடன்படும் நாம், வீட்டிலிருக்கும் பொறியாளர் இரண்டாம் முறை மாணவராக அமர விரும்பினால் அவருக்கு ஓராண்டு இரவுகளை விட்டுக்கொடுப்போம். இது ஆண்களுக்கு மட்டுமுரிய கல்வியுமன்று. குழாய் நீரில் நாற்றம் வந்தால் முதலில் அறிபவர் அடுக்களையில் நிற்கும் பெண்ணே. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் நம் பெண்மக்கள் பலர். தொலைநிலைக் கல்வி அவர்களுக்கும் ஏற்றது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியதும் உண்டு. ஆண்டுக்கு ஒருவருடைய கட்டணத்தையாவது ஏற்கலாம். அதற்கு ஈடாக அவரிடம் கேட்க வேண்டியது, கற்றதைத் தமிழில் ஊருக்குச் சொல்லுதல். கருத்துக் கேட்புக் கூட்டம் வரும்போது அறிக்கையின் சாரத்தை எளிய தமிழில் எழுதி, பள்ளிவாசலின் படிப்பறையிலும் தெருமுனை வாசகசாலையிலும் வைக்கட்டும். கோயில் தெருவாரும் தேவாலயத் தெருவாரும் அதைப் படிக்கட்டும். காற்றுக்கு மஹல்லா எல்லை கிடையாது. மதரஸாக்களில் ஃபிக்ஹு ஓதிக்கொடுக்கும் எம்மைப் போன்றோரும், நீரின் சட்டம் என்று வுளூவின் நீரை மட்டும் விளக்கி நிறுத்திவிடாமல், தெருவில் ஓடும் நீரின் சட்டத்தையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். 1991-இலேயே எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக வேண்டுமென்று கூறியது. 2003-இல் மீண்டும் வலியுறுத்தியபின், பட்டப்படிப்பு மாணவர் அனைவர்க்கும் ஆறுமாதப் பாடமாக அது வந்தது. நம் ஓதல் வரிசையிலும் அதற்கு இடம் செய்வதில் யாதொரு தடையுமில்லை.

கேள்வி கேட்ட அன்பருக்கு நாம் கூறிய விடை இதுவே: "தம்பி, படிக்கும் முன்பும் அந்த ஏட்டில் எழுதுவது உங்கள் கைதான்; படித்த பின்பும் உங்கள் கைதான். இப்போது அந்தக் கைக்கு எது பொய் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சேருங்கள், ஆனால் யாருக்காகக் கற்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்."

தண்டையார்பேட்டைக்கு ஒருவர், எண்ணூருக்கு ஒருவர், திருவொற்றியூருக்கு ஒருவர், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ஒவ்வொருவர் என எழுந்தால், அவ்வூர்களின் மீதுள்ள கிஃபாயாக் கடமை நிறைவேறும். எவருமே எழாவிடில், குற்றம் ஆலைக்காரரோடு நில்லாது. அறிய இயன்றிருந்தும் அறியாதிருந்த நம் ஒவ்வொருவரையும் சேரும். பயன் தராத கல்வியை விட்டும், கற்க அஞ்சும் கோழைமையை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக!